கிராபிக்ஸ் கார்டா, பிராசசரா: 62 டேப்புகளை மாற்றியபோது நான் கற்றுக்கொண்டவை

எங்கள் அப்பா 2001 முதல் 2009 வரை எடுத்துச் சேர்த்த 62 டேப்புகள் ஓர் அட்டைப் பெட்டியில் இருந்தன. மினிடிவி எனப்படும் சிறிய டிஜிட்டல் வீடியோ டேப்புகள் அவை. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஓடும். டேப்பின் காந்தப் பூச்சு கெடுவதற்கு முன், அதை ஓட்டக்கூடிய கேமரா இன்னும் வேலை செய்யும்போதே, எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஃபயர்வயர் கேபிள் வழியாக இறக்கினால் டேப்பில் உள்ள தரவு அப்படியே கோப்பாக வந்துவிடும். தரம் சிறிதும் குறையாது. ஆனால் ஒரு டேப்புக்கு ஏறத்தாழ 13 ஜிபி ஆகும் என்பதால், மொத்தத்துக்கு 800 ஜிபிக்கு மேல் இடம் தேவைப்பட்டது. என் ஹார்ட் டிஸ்க்கில் அவ்வளவு இடம் இல்லை. கோப்புகளைச் சிறிதாக்கிக்கொண்டு, இறக்கிய மூலத்தை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். நான் செய்த தவறுகளில் மிகப் பெரியது இதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிராபிக்ஸ் கார்டின் உதவியால் முப்பது மடங்கு வேகத்தில் மாற்றித் தரும் என்று அறிவித்துக்கொண்ட ஒரு மென்பொருளைப் பணம் கொடுத்து வாங்கினேன். வேகத்தைப் பொறுத்தவரை அது பெருமளவு சொன்னபடியே நடந்துகொண்டது. ஒரே இரவில் 19 டேப்புகளின் கோப்புகள் மாறிவிட்டன. 13 ஜிபி இருந்த ஒவ்வொன்றும் 700 எம்பிக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது. மடிக்கணினியின் சிறிய திரையில் இரண்டு மூன்றைத் திறந்து, ஆங்காங்கே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நன்றாகவே இருப்பதாகத் தோன்றியது. அந்த 19 மூலக் கோப்புகளையும் அழித்தேன்.

சில வாரங்கள் கழித்து வீட்டின் பெரிய தொலைக்காட்சியில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தபோது, அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏம்பா, கையை ஆட்டும்போதெல்லாம் கோடு கோடா வருதே, டேப் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். டேப் கெட்டுப்போகவில்லை. அசைகிற எதன் விளிம்பிலும் சீப்பின் பற்களைப் போல் கிடைக்கோடுகள் தெரிந்தன. இரவில் எடுத்த காட்சிகளில் இருட்டான பகுதிகள் சதுரம் சதுரமாகக் கட்டி நின்றன. முகங்கள் எல்லாம் பக்கவாட்டில் சற்று ஒடுங்கியிருந்தன. அன்று நான் மூன்றுக்கும் கிராபிக்ஸ் கார்டைத்தான் காரணமாகச் சொன்னேன். மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு என்பதும், கிராபிக்ஸ் கார்டுக்கு அவற்றில் ஒன்றில் மட்டும், அதுவும் பாதிப் பங்குதான் உண்டு என்பதும் பிறகுதான் புரிந்தது. அதைப் புரிந்துகொள்ள நான் படித்ததையும் சோதித்துப் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

கிராபிக்ஸ் கார்டு வீடியோவை மாற்றுகிறது என்று கேட்டால், அதிலுள்ள ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகள் படத்தைப் பங்கு போட்டுக்கொண்டு வேலை செய்கின்றன என்றுதான் தோன்றும். 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்படியான மென்பொருள்கள் உண்மையிலேயே வந்தன. அந்த வழி நிலைக்கவில்லை. அதற்குக் காரணம் இந்த வேலையின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு ஃப்ரேமை, அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்தை, சுருக்குவதற்கு அதற்கு முன்னால் சுருக்கிய ஃப்ரேம்கள் தேவை. கடைசிக் கட்டத்தில் பிட்டுகளை எழுதும்போதோ முந்தைய பிட் முடிவாகாமல் அடுத்ததை எழுதவே முடியாது. வரிசையாகத்தான் நடந்தாக வேண்டிய வேலைக்கு ஆயிரம் பேரை அமர்த்தினாலும் பயன் குறைவு. எனவே நிறுவனங்கள் வேறு வழிக்குப் போயின. வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனிச் சுற்று ஒன்றைச் சிப்பில் செதுக்கி வைத்தன. இன்டெல் 2011இல் தன் பிராசசர்களில் குவிக் சிங்க் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. என்விடியா 2012இல் கெப்ளர் தலைமுறைக் கார்டுகளில் என்வென்க் என்ற பெயரில் கொண்டுவந்தது. ஏஎம்டியின் சுற்றும் அதே ஆண்டில் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இன்டெலின் சுற்று இருப்பது பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில். ஆகையால், "கிராபிக்ஸ் கார்டில் மாற்றலாமா, பிராசசரில் மாற்றலாமா" என்று நாம் கேட்கும் கேள்வியே சற்றுக் குழப்பமானது. இதற்கென்றே செதுக்கிய தனிச் சுற்று மாற்றுகிறதா, அல்லது எந்த வேலையையும் செய்யக்கூடிய பிராசசர் கோர்களில் (அதன் கணக்கீட்டு மையங்களில்) ஓடும் மென்பொருள் என்கோடர், அதாவது வீடியோவைச் சுருக்கும் நிரல், மாற்றுகிறதா என்று கேட்டால்தான் விடை தெளிவாகக் கிடைக்கும். எக்ஸ்264, எக்ஸ்265, எஸ்விடி ஏவி1 ஆகியவை இரண்டாவது வகை; இவை முறையே எச்.264, எச்.265, ஏவி1 என்ற சுருக்க வடிவங்களில் கோப்பைத் தருபவை. நாம் வாங்கும் மென்பொருளின் பெயரும் அதன் பொத்தான்களும் மேற்பூச்சுதான். படத்தின் தரத்தை முடிவு செய்வது உள்ளே உட்கார்ந்திருக்கும் என்கோடரும் அதற்கு நாம் கொடுக்கும் அமைப்புகளும். இதை அறியாமல் நான் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மென்பொருள்களை நிறுவிப் பார்த்தேன். நான்கிலும் வேலை செய்தது ஒரே என்வென்க் சுற்றுதான். அதனால் படமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது.

தனிச் சுற்று ஏன் வேகமாக இருக்கிறதோ, அதே காரணத்தால்தான் அதன் தரமும் ஓரளவோடு நின்றுவிடுகிறது. ஒரு ஃப்ரேமில் இந்தச் சிறு சதுரம் முந்தைய ஃப்ரேமில் எங்கே இருந்தது, அதை எப்படிப் பிரித்தால் குறைந்த பிட்டுகளில் அடங்கும் என்று பல வழிகளைத் தேடிப் பார்த்து, அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதுதான் என்கோடரின் வேலை. பிராசசரில் ஓடும் எக்ஸ்264க்குப் பொறுமை உண்டு. மெதுவான பிரீசெட்டை (வேகத்துக்கேற்ற தயார் அமைப்பை) தேர்ந்தெடுத்தால் அது இன்னும் பல வழிகளைத் தேடிப் பார்க்கும், பின்னால் வரப்போகும் பல ஃப்ரேம்களையும் முன்கூட்டியே பார்த்துவிட்டு, எந்த இடத்தில் பிட்டுகளைச் செலவிட வேண்டும் என்று பங்கிடும். தனிச் சுற்று எந்தெந்த வழிகளைத் தேட வேண்டும் என்பது சிப் வடிவமைக்கப்பட்ட நாளிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிட்டது. ஆகவே ஒரே கோப்பு அளவில் ஒப்பிட்டால், பொறுமையாக ஓடும் மென்பொருள் என்கோடரின் படம் பொதுவாக மேலாக இருக்கும். ஒரே தரத்தில் ஒப்பிட்டால் தனிச் சுற்றின் கோப்பு பொதுவாகப் பெரிதாக இருக்கும். பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவிடும் பிட்டுகளின் அளவு, தாராளமாக இருக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. பிட்ரேட் குறையக் குறைய, முதலில் இருட்டிலும், பிறகு நீர், இலை, கூட்டம் போன்ற நுணுக்கமான அசைவுகளிலும் அது வெளிப்படும்.

தலைமுறைக்குத் தலைமுறை வேறுபாடும் பெரிது. என்விடியாவின் சுற்று 2018இல் வந்த டூரிங் தலைமுறையில்தான் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியது, எச்.265இல், முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்துச் சுருக்கப்படும் பி ஃப்ரேம்களைப் பயன்படுத்தும் திறனும் அதில்தான் வந்தது. ஏவி1 வடிவத்தில் என்கோடிங் செய்யும் சுற்று இன்டெல், என்விடியா, ஏஎம்டி மூன்றின் கார்டுகளிலும் 2022இல்தான் வந்தது. எனவே கார்டின் விலையைக் காட்டிலும் அதன் தலைமுறைதான் இந்த வேலைக்கு முக்கியம். ஒரே தலைமுறையில் விலை குறைந்த கார்டும் விலை உயர்ந்த கார்டும் பெரும்பாலும் ஒரே சுற்றையே கொண்டிருக்கும். மேல்நிலைக் கார்டுகள் சிலவற்றில் அது இரண்டாக இருப்பதுண்டு. ஆனால் விதிவிலக்குகளைக் கவனிக்காமல் வாங்கினால் ஏமாற்றம்தான். என்விடியாவின் ஜிடி 1030இல் என்கோடர் சுற்றே கிடையாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி ஆகியவற்றிலும் கிடையாது. முதலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650, டூரிங் கார்டாக இருந்தும், அதற்கு முந்தைய தலைமுறைச் சுற்றையே கொண்டிருந்தது. பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து வரும் இன்டெல் பிராசசர்களில் கிராபிக்ஸ் பகுதி முடக்கப்பட்டிருப்பதால் குவிக் சிங்க் இருக்காது. மென்பொருள் வாங்குவதற்கு முன் நம்மிடம் இருக்கும் சிப் எதுவென்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இப்போது என் மூன்று குறைகளுக்கு வருகிறேன். சீப்புக் கோடுகளுக்குக் காரணம் இன்டர்லேஸ். அந்தக் காலக் கேமராக்கள் ஒரு முழுப் படத்தை ஒரே நேரத்தில் பதிவு செய்வதில்லை. ஒற்றை வரிகளை ஒரு முறையும், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டை வரிகளை மறுமுறையும் பதிவு செய்யும். இந்த இரண்டையும் கணினித் திரையில் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும்போது, இடைப்பட்ட நேரத்தில் அசைந்த எதுவும் பல்பல்லாகத் தெரியும். மாற்றும்போதே டீஇன்டர்லேஸ் என்ற வடிகட்டியை இயக்கி இதைச் சரிசெய்திருக்க வேண்டும். நான் வாங்கிய மென்பொருள் அதைக் கேட்கவும் இல்லை, தானாகச் செய்யவும் இல்லை. சாதாரண ஃப்ரேம்களாகவே கருதிச் சுருக்கிவிட்டது. சுருக்கிய பிறகு அந்தக் கோடுகள் படத்தோடு ஒன்றாகிவிடுகின்றன. அவற்றை முழுமையாகப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். எக்ஸ்264ஐக் கொண்டு மாற்றியிருந்தாலும் இதே கோடுகள் இதே இடத்தில் இருந்திருக்கும்.

முகங்கள் ஒடுங்கியதற்குக் காரணம் பிக்சலின் வடிவம். என் டேப்புகள் 720க்கு 576 என்ற அளவில் பதிவானவை. ஆனால் அவற்றைக் காட்ட வேண்டிய விகிதம் நான்குக்கு மூன்று. டேப்பின் பிக்சல்கள் சதுரமானவை அல்ல என்ற குறிப்பு மூலக் கோப்பிலேயே இருக்கும். அந்தக் குறிப்பை மென்பொருள் உதறிவிட்டது. பழைய டேப்புகளையோ டிவிடிகளையோ மாற்றுபவர்கள், ஒரு வட்டம் வட்டமாகவே தெரிகிறதா என்று சக்கரமோ கடிகாரமோ வரும் ஒரு காட்சியைத் தேடிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இருட்டில் சதுரங்கள் தெரிந்ததில்தான் கிராபிக்ஸ் கார்டுக்குப் பங்கு உண்டு. அங்கும் முதல் குற்றவாளி பிட்ரேட். அந்த மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுத்திருந்தது 1.5 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 15 லட்சம் பிட்டுகள். கோப்பின் அளவைக் கணக்கிடுவது எளிது: பிட்ரேட்டை நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் போதும், ஒரு மணி நேரத்துக்கு 675 எம்பி வருகிறது. கேமராவின் இரைச்சல் புள்ளிகள் நிறைந்த ஓர் இரவுக் காட்சிக்கு அது போதவே போதாது. அந்தக் குறைந்த பிட்ரேட்டில் பொறுமையான மென்பொருள் என்கோடர் இருட்டுக்குச் சற்று அதிகப் பிட்டுகளை ஒதுக்கியிருக்கும். என்னுடைய பழைய கார்டின் சுற்று ஒதுக்கவில்லை.

அடுத்ததாக, வேகத்தைப் பற்றி. ஒரு கோப்பு மாறும்போது மூன்று கட்டங்கள் நடக்கின்றன: மூலத்தைப் பிரித்துப் படிக்கும் டீகோடிங்; அளவு மாற்றுதல், டீஇன்டர்லேஸ், இரைச்சல் நீக்கம் போன்ற வடிகட்டிகள்; கடைசியாக, சுருக்கி எழுதும் என்கோடிங். இவற்றில் எது மெதுவானதோ அதன் வேகம்தான் மொத்தத்தின் வேகம். கிராபிக்ஸ் கார்டின் சுற்று கடைசிக் கட்டத்தை எவ்வளவு விரைவாக முடித்தாலும், வடிகட்டிகள் பிராசசரில் ஓடிக்கொண்டிருந்தால் அது காத்துக்கொண்டுதான் இருக்கும். சரியான டீஇன்டர்லேஸை இயக்கிய பிறகு அதே மென்பொருளின் முப்பது மடங்கு வேகம் என் கணினியில் எட்டு மடங்காக இறங்கியது. அதே வடிகட்டியோடு எக்ஸ்264ஐ மெதுவான பிரீசெட்டில் ஓட்டியபோது ஐந்து மடங்கு வேகம் கிடைத்தது. 720க்கு 576 என்பது இன்றைய பிராசசருக்கு மிகச் சிறிய படம். எந்த வேகத்துக்காக நான் தரத்தை விட்டுக்கொடுத்தேனோ, அந்த வேகம் இந்த வேலைக்குத் தேவைப்படவே இல்லை. முன்பே அரை மணி நேரம் செலவிட்டுச் சோதித்திருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும்.

விளம்பரத்தில் வரும் "ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்" என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சில மென்பொருள்களில் அது டீகோடிங்கை மட்டும் குறிக்கும். சிலவற்றில் வடிகட்டிகளை மட்டும் குறிக்கும். உண்மையைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. என்விடியா கார்டு இருந்தால், விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு என்பதைச் சொடுக்கினால், "வீடியோ டீகோட்", "வீடியோ என்கோட்" என்ற தனித்தனி வரைபடங்களைப் பார்க்கலாம். மாற்றும்போது "வீடியோ என்கோட்" வரைபடம் எழவே இல்லையென்றால், என்கோடிங் கார்டில் நடக்கவில்லை. என்கோட் எழுந்து டீகோட் எழாமல் பிராசசர் மட்டும் திணறினால், மூலத்தைப் படிப்பது பிராசசரின் தலையில் விழுந்திருக்கிறது என்று பொருள். நிறம் கூடுதலாகப் பதியும் 4:2:2 வகை 10 பிட் எச்.264 கோப்புகளைத் தரும் கேமராக்களை வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பெரும்பாலான கார்டுகளின் டீகோடர் சுற்றுக்கு அந்த வகை தெரியாது.

கேமராவை மீண்டும் எடுத்து, மூலக் கோப்பை அழித்துவிட்ட 19 டேப்புகளையும் முதலிலிருந்து இறக்கத் தொடங்கினேன். டேப்பிலிருந்து இறக்குவதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும். பதினான்காவது டேப்பில், கேமராவின் உருளை டேப்பைக் கவ்விச் சுருட்டிக்கொண்டது. மெதுவாக வெளியே எடுத்தபோது அதன் முதல் பகுதி கசங்கிப் போயிருந்தது. ஏறத்தாழ பதினொரு நிமிடங்கள் மீண்டும் ஓடவில்லை. பாட்டி ஒரு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, யார் யாருக்கு என்ன உறவு என்று அப்பாவுக்குச் சொல்லும் காட்சி அது. அவர் பேசி எங்களிடம் இருக்கும் பதிவு அது ஒன்றுதான். மாற்றிய கோப்பைப் பல நாள் வைத்திருந்து பெரிய திரையில் முழுமையாகப் பார்க்கும் வரை மூலத்தைத் தொடக் கூடாது என்பதை யார் சொன்னாலும் நான் கேட்டிருப்பேன். சொல்வதற்குத்தான் யாரும் இருக்கவில்லை. இதைப் படிப்பவர்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

அதன்பின் நான் செய்த சோதனை முறை இது. எல்லா டேப்புகளிலிருந்தும் ஒரு நிமிடத் துண்டுகள் மூன்றைத் தேர்ந்தெடுத்தேன்: இரவில் மங்கலான விளக்கொளியில் எடுத்தது ஒன்று, காற்றில் ஆடும் மரமும் ஓடும் நீரும் உள்ளது ஒன்று, ஒரு முகம் மட்டும் அருகில் தெரிவது ஒன்று. எக்ஸ்264, எக்ஸ்265, என்வென்க் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு துண்டையும் மாற்றிப் பார்த்தேன். முதல் முறை எல்லாவற்றுக்கும் தர எண்ணாக (எண் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும்) 22ஐக் கொடுத்து ஒப்பிட்டேன். அந்த ஒப்பீடு செல்லாது என்பது பின்னர்தான் தெரிந்தது. ஒவ்வொரு என்கோடருக்கும் அந்த எண்ணின் பொருள் வேறு. எக்ஸ்264இன் இயல்பு எண் 23, எக்ஸ்265இன் இயல்பு எண் 28. என்வென்க்கின் எண்ணோ முற்றிலும் தனி அளவுகோல். ஆகவே கோப்பின் அளவு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாக வரும்வரை எண்ணை மாற்றி மாற்றி ஓட்டி, பிறகு படங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்264இல் அந்த எண்ணை ஆறு குறைத்தால் கோப்பு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் சரியான எண்ணை விரைவில் எட்டிவிடலாம்.

நெட்ஃபிளிக்ஸ் 2016இல் வெளியிட்ட விமாஃப் என்ற அளவீட்டையும் பயன்படுத்தினேன். மூலத்தையும் மாற்றிய படத்தையும் ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று அது மதிப்பெண் தரும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் வழியாகவே அதை ஓட்டலாம். பயனுள்ளதுதான், ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் தவறிவிடுவோம். பெரும்பாலான ஃப்ரேம்கள் நன்றாக இருந்து, இருட்டான சில நொடிகள் மட்டும் மோசமாக இருந்தாலும் சராசரி உயர்வாகவே வரும். நம் கண்ணோ அந்தச் சில நொடிகளைத்தான் பிடித்துக்கொள்கிறது. அதனால் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஃப்ரேம்கள் எவை என்று தேடி, அவற்றைத் தொலைக்காட்சியில் நிறுத்திப் பார்த்தேன்.

டேப்புகளுக்கு என் முடிவு எக்ஸ்264, தர எண் 18, மெதுவான பிரீசெட், ஒவ்வொரு பாதிப்படத்தையும் முழுப்படமாக்கி நொடிக்கு 50 ஃப்ரேம்களாகத் தரும் டீஇன்டர்லேஸ். ஒரு டேப்புக்கு ஏறத்தாழ 2 ஜிபி ஆனது. எக்ஸ்265 அதைவிடச் சிறிய கோப்பைத் தந்திருக்கும். ஆனால் உறவினர்கள் பலரிடம் பழைய தொலைக்காட்சிகள் இருந்ததால், எதிலும் ஓடக்கூடிய எச்.264 வடிவத்தையே தேர்ந்தெடுத்தேன். மிக மெதுவான பிரீசெட்டையும் ஓட்டிப் பார்த்தேன். நேரம் பல மடங்கு கூடியதே தவிர, படத்தில் கூடியது என் கண்ணுக்கு எட்டவில்லை. சிறிய படங்களுக்கு எக்ஸ்264 பிராசசரின் எல்லாக் கோர்களையும் முழுமையாகப் பயன்படுத்துவதில்லை. ஆகவே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகள் ஓடும்படி அமைத்தது, பிரீசெட்டைக் குறைப்பதைவிட நல்ல பலன் தந்தது. மூலக் கோப்புகளுக்காக இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் வாங்கினேன். அந்த 800 ஜிபி இன்று இரண்டு பிரதிகளாக இருக்கிறது. நாளை இதைவிட நல்ல என்கோடர் வந்தால் அவற்றிலிருந்து மீண்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டுத் தனிச் சுற்றை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். எங்கள் அக்கா வாரந்தோறும் இணையவழியில் இரண்டு வகுப்புகள் எடுக்கிறார். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். முழு எச்டியில் பதிவாகிறது. அன்று மாலையே மாணவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். எழுத்துப் பலகையும் பேசும் முகமும் மட்டுமே உள்ள படம். அடுத்த ஆண்டு புதிதாகப் பதிவு செய்துவிடுவார் என்பதால் காலங்காலமாக வைத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. அவருடைய மடிக்கணினியில் எக்ஸ்264 ஓடியபோது மின்விசிறி இரைச்சலிட்டது, சூடேறியதும் பிராசசர் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது, அந்த நேரத்தில் வேறு வேலையும் செய்ய முடியவில்லை. குவிக் சிங்க்கிற்கு மாற்றி, பிட்ரேட்டைச் சற்றுத் தாராளமாக வைத்தேன். பதினைந்து நிமிடங்களுக்குள் முடிகிறது. பிராசசர் சும்மா இருக்கிறது. படத்தில் அக்காவோ மாணவர்களோ எந்தக் குறையையும் காணவில்லை. விளையாட்டைத் திரையிலிருந்து நேரடியாகப் பதிவு செய்வது, நேரலை அனுப்புவது, 4கே கோப்புகளை எடிட்டிங்குக்காகத் தற்காலிகமாகச் சிறிதாக்குவது ஆகியவற்றிலும் தனிச் சுற்றுதான் சரி. என்னைக் கேட்டால், ஒருமுறை மாற்றிப் பல ஆண்டுகள் வைத்திருப்பதைப் பிராசசரிடமும், வாரந்தோறும் மாற்றி அனுப்பிவிட்டு மறந்துவிடுவதைத் தனிச் சுற்றிடமும் கொடுப்பேன்.

மாற்றவே தேவையில்லாத கோப்புகளும் நிறைய உண்டு. இதை மென்பொருள் விற்பவர்கள் சொல்வதில்லை. எம்கேவி கோப்பு ஒன்று தொலைக்காட்சியில் ஓடவில்லை என்றால், உள்ளே இருக்கும் வீடியோ எச்.264ஆகவே இருக்க, வெளிப்பெட்டி, அதாவது வீடியோவையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் கோப்பு வடிவம், மட்டும் தொலைக்காட்சிக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம். அந்தப் பெட்டியை மட்டும் எம்பி4 ஆக மாற்றுவதற்கு ரீமக்ஸ் என்று பெயர். எஃப்எஃப்எம்பெக்கில் copy (நகலெடு) என்று ஒரு சொல் கொடுத்தால் போதும், சில நொடிகளில் முடிந்துவிடும், ஒரு பிட் தரமும் குறையாது. மீண்டும் என்கோடிங் செய்யும் ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே சுருங்கிய படத்தையே மறுபடி சுருக்குகிறோம் என்பதால், தேவையில்லாத மாற்றத்தைத் தவிர்ப்பதே தரத்தைக் காக்கும் முதல் வழி.

கைபேசியில் எடுத்த வீடியோக்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். கைபேசிகள் வெளிச்சத்தைப் பொறுத்து ஃப்ரேம் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்கின்றன. அதைக் கவனிக்காத மென்பொருளில் மாற்றினால் போகப் போக உதட்டசைவும் குரலும் விலகும். எனவே சோதிக்கும்போது கோப்பின் கடைசி நிமிடத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். வெளிச்ச வேறுபாட்டைக் கூடுதலாகப் பதியும் எச்டிஆரில் எடுத்ததைச் சாதாரண 8 பிட் வடிவத்துக்கு, நிறத்தை முறையாக இறக்காமல் மாற்றினால், படம் சாம்பல் பூத்தது போல் வெளிறிப்போகும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் இரண்டையும் தாண்டிப் போக வேண்டிய தேவை எனக்கு இதுவரை வரவில்லை. இரண்டும் கட்டணமற்றவை, இரண்டிலும் மென்பொருள் என்கோடர்களும் தனிச் சுற்றுகளும் உண்டு. கட்டண மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே இயங்குவதும் எஃப்எஃப்எம்பெக்தான். "அபவுட்" பக்கத்திலோ உரிமக் கோப்பிலோ அதன் பெயர் இருக்கும். இடைமுகம் எளிமையாக வேண்டும் என்பதற்காகக் கட்டணம் செலுத்துவதில் தவறில்லை. ஆனால் எந்த என்கோடர், எந்தப் பிரீசெட், தர எண்ணா பிட்ரேட்டா, டீஇன்டர்லேஸ் வேண்டுமா என்று நம்மைத் தேர்ந்தெடுக்க விடாமல், "உயர் தரம்", "நடுத்தரம்" என்று இரண்டு பொத்தான்களை மட்டும் காட்டும் மென்பொருளை நான் இனி வாங்க மாட்டேன். சோதனைப் பதிப்பு முழுக் கோப்பையும் மாற்ற விடாவிட்டாலும், நாம் முன்பே வெட்டி வைத்திருக்கும் ஒரு நிமிடத் துண்டுகளை மாற்றிப் பார்க்க அது போதும். எதையும் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். அதிலும் கவனம் தேவை: 2017 மே மாதத்தில் ஹேண்ட்பிரேக்கின் பதிவிறக்கச் சர்வர்களில் ஒன்றில் ஊடுருவியவர்கள், மேக் பதிப்புக்குப் பதிலாகத் தீநிரல் கலந்த கோப்பைச் சில நாள்கள் வைத்திருந்தார்கள். கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்கத் தளத்தில் தரப்படும் செக்சம் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தப்பினார்கள்.

கசங்கிப்போன டேப்பின் அந்தப் பதினொரு நிமிடங்கள் இன்று எங்களிடம் இருப்பது, அன்று இரவு அவசரமாக மாற்றிய 1.5 எம்பிபிஎஸ் கோப்பில் மட்டும்தான். அதை மேலும் சிதைத்துவிடக் கூடாது என்பதற்காக, மறுபடி என்கோடிங் செய்யாமல், அந்தப் பகுதியை மட்டும் ரீமக்ஸ் முறையில் வெட்டித் தனிக் கோப்பாக வைத்தேன். முகம் ஒடுங்கித் தெரிவதை, பிக்சல் விகிதக் குறிப்பைச் சேர்த்துச் சரிசெய்ய முடிந்தது. கோடுகளும் சதுரங்களும் அப்படியேதான் இருக்கின்றன. பாட்டி அதிகம் அசையாமல் உட்கார்ந்தே பேசுவதால், கையை உயர்த்தும்போது மட்டும்தான் கோடுகள் தெரிகின்றன. அப்பா இப்போதெல்லாம் அந்தக் கோப்பைத் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். குரல் தெளிவாக இருக்கிறது.